கட்டுரைக்கு அடியில் நாலு வரி



சென்ற இதழ் கடைகளுக்குப் போன மூன்றாம் நாள் காலை, ஒதியம்பட்டு வாசகர் ஒருவர் அலுவலகம் தேடி வந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தவர், சுருட்டிப் பிடித்திருந்த இதழை விரித்து 14-ஆம் பக்கத்தை என் முன்னால் வைத்தார். சர்க்கரை நோயாளிகளுக்கான ஒரு சத்துமாவைப் பற்றி நாங்கள் போட்டிருந்த செய்தி அது. 'ஆய்வில் நிரூபணம்' என்று தலைப்புக் கொடுத்திருந்தோம்.

"தம்பி, இந்த ஆய்வுக்குக் காசு குடுத்தது யாருன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவருடைய பேத்தி பார்த்திருக்கிறாள். செவிலியர் படிப்புப் படிக்கும் பெண். செய்திக்கு மூலமான ஆய்வுக் கட்டுரையைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கம் வரைக்கும் படித்திருக்கிறாள். அங்கே, மேற்கோள் பட்டியலுக்கு மேலே, சின்ன எழுத்தில் நாலு வரி. மாவைத் தயாரிக்கும் நிறுவனமே ஆய்வுச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டது, கட்டுரையாளர்களில் இருவர் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை. விட்டது நாங்கள்தான். அந்த மாவை நம்பி மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு வாசகர்கள் தொலைபேசியில் கேட்டிருந்தார்கள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இருவரையும் உடனே அழைத்துப் பேசினேன். மாத்திரையைக் குறைக்கவில்லை என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அந்த நாலு வரியைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் முதலில் தலைப்பும் ஆய்வாளர்களின் பெயர்களும் இருக்கும். பிறகு சுருக்கம், முறை, முடிவு, விவாதம். எல்லாம் முடிந்த பிறகு நன்றியுரையும் நிதி பற்றிய குறிப்பும் வரும். பணம் கொடுத்த அமைப்பின் முழுப் பெயர், நல்கையின் எண், கொடுத்தவர்களுக்கு ஆய்வைத் திட்டமிடுவதிலோ முடிவை எழுதுவதிலோ பங்கு இருந்ததா இல்லையா என்ற வாக்குமூலம். ஒழுங்கான குறிப்பு என்றால் இந்த மூன்றும் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் மொய் நோட்டோடு உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். ஊர், பெயர், தொகை மூன்றும் இல்லாமல் அவர் அடுத்த வரிக்குப் போவதில்லை. யாருக்குச் செய்ய வேண்டியிருக்கிறது என்று நாளைக்குத் தெரிய வேண்டுமே!

புதுச்சேரியைச் சுற்றியுள்ள நம் பகுதி வயல் வேலை செய்கிறவர்கள் நிறைந்தது. அதனால் வயலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். அறுப்பு நேரத்தில் நெல் தாளோ கரும்புச் சோகையோ கண்ணில் அடிப்பது நமக்குப் புதிதல்ல. இரண்டு நாள் உறுத்தும், சிவக்கும், நீர் வடியும். சரியாகிவிடும் என்று விடுகிறோம், அல்லது விளக்கெண்ணெய் விடுகிறோம், தாய்ப்பால் பீய்ச்சுகிறோம், மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுகிறோம். அந்தக் கீறல் வழியாகப் பூஞ்சை உள்ளே போய்விட்டால் கருவிழியில் புண் வரும். மருந்துக்கடைச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால் புண் இன்னும் வேகமாகப் பரவும். கருவிழி வெந்த முட்டை போல வெளுத்து, ஓட்டை விழுந்து, பார்வை போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இந்தப் புண்ணுக்கு எந்த மருந்து நல்லது? பல ஆண்டுகளாக நாடமைசின் என்ற பழைய சொட்டு மருந்துதான் கையில் இருந்தது. 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. பெயரும் அந்தப் பகுதியிலிருந்து வந்ததுதான். 2002-ல் வோரிகோனசோல் என்ற புதிய பூஞ்சை மருந்து வந்தது. மற்ற உறுப்புகளில் பூஞ்சைத் தொற்றுக்கு அது நன்றாக வேலை செய்தது. கண்ணுக்கும் அதுதான் மேல் என்று உலகெங்கும் பல மருத்துவர்கள் நினைக்கத் தொடங்கினார்கள். நினைத்தால் போதுமா? இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அப்படி நிறுத்திப் பார்த்த இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தவளக்குப்பத்தில் 2003 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனை. மதுரை, கோயம்புத்தூர் அரவிந்த் மருத்துவமனைகளும் சேர்ந்துகொண்டன. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ப்ராக்டர் நிறுவனம் உடன் நின்றது. 2010 ஏப்ரலில் தொடங்கி 2011 முடிய நோயாளிகளைச் சேர்த்தார்கள். யாருக்கு எந்த மருந்து போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, சோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. 368 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 323 பேரோடு நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் ஒரு மருந்து தெளிவாகப் பின்தங்கியிருந்தது. பின்தங்கியது புதியது! பழைய நாடமைசின் போட்டவர்களுக்குப் பார்வை கூடுதலாகத் தேறியது, கருவிழி ஓட்டை விழுவது குறைந்தது. ஃப்யூசேரியம் என்ற பூஞ்சையால் புண் வந்தவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரிது. கண் பரிசோதனை அட்டையில் ஏறக்குறைய நாலு வரி. டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னாவை முதல் ஆசிரியராகக் கொண்ட அந்தக் கட்டுரை 2013-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கண் மருத்துவ இதழில் வெளிவந்தது. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் நாடமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது அந்தக் கட்டுரையின் அடிக்கு வாருங்கள். ஆய்வுக்குப் பணம் அமெரிக்க அரசின் தேசியக் கண் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தது. நல்கை எண் யு10 இஒய்018573. பார்க்கப் புரியாத எண்தான். ஆனால் பி.ஒய். என்று தொடங்கும் வண்டியைப் பார்த்ததும் புதுச்சேரி வண்டி என்று நமக்குத் தெரிகிறதல்லவா? அதே போல 'இஒய்' என்ற இரண்டு எழுத்து அந்தக் கண் ஆய்வு நிறுவனத்தைக் குறிக்கும். 'யு10' என்பது பல மருத்துவமனைகள் கூட்டாக நடத்தும் மருத்துவப் பரிசோதனைக்கான நிதி வகை.

இந்த எண் ஏன் முக்கியம் என்று நான் நெடுநேரம் யோசித்தேன். குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய மருந்து, விலை கூடிய புதிய மருந்தைவிட நல்லதா என்று கேட்க எந்த வியாபாரிக்கு ஆசை வரும்? புதியதை விற்பவர் கேட்க மாட்டார், தோற்றுவிட்டால் நஷ்டம். பழையதைத் தயாரிப்பவருக்கும் அதில் பெரிய லாபம் இல்லை. பாதிக்கப்படுகிறவர்கள் வெயில் நாடுகளின் விவசாயக் கூலிகள். அவர்களுக்காகக் கேட்கப்பட வேண்டிய கேள்வியைப் பொதுப் பணம்தான் கேட்க முடியும், கேட்டது. அமெரிக்காவில் வரி கட்டிய ஒருவரின் காசும் நம் பக்கத்து வயலில் கண்ணில் தாள் அடிபட்ட ஒருவரின் பொறுமையும் ஒரே கட்டுரையில் சேர்ந்திருக்கின்றன. ஒரு ஆய்வின் விடையைத்தான் நாம் எப்போதும் பார்க்கிறோம். அந்தக் கேள்வி ஏன் கேட்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளக் கட்டுரைக்கு அடியில் இருக்கும் நாலு வரியைவிட்டால் வேறு இடம் இல்லை.

இன்னொரு பலனும் உண்டு. அந்தக் கண் ஆய்வு நிறுவனத்தையும் உள்ளடக்கிய அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் பணத்தில் நடந்த ஆய்வு எதுவானாலும், கட்டுரையின் பிரதியை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று 2008 முதல் விதி இருக்கிறது. முன்பு ஓராண்டு வரை தாமதிக்கலாம் என்ற சலுகை இருந்தது. 2025 ஜூலையிலிருந்து அதுவும் இல்லை. நம் நாட்டிலும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் இதே நோக்கத்தோடு ஒரு கொள்கை வகுத்தன. எந்தக் கட்டுரை யாருடைய பணத்தில் வந்தது என்று அடையாளம் காண அந்த நல்கை எண்தான் உதவுகிறது. எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்துவிட்டாலோ, அமைப்பின் பெயரைச் சுருக்கி வேறு விதமாக எழுதிவிட்டாலோ கணக்கு அறுந்து போகும். ஆசிரியர் ஐயாவின் பேத்தி காசு கட்டாமல் ஒரு கட்டுரையைத் திறக்க முடிகிறதா இல்லையா என்பது, ஏதோ ஓர் ஆய்வாளர் ஒரு நாள் இரவு எண்ணைச் சரிபார்த்துத் தட்டச்சு செய்தாரா என்பதையும் பொறுத்திருக்கிறது.

நிதிக் குறிப்பை விடாமல் எழுதும் இன்னோர் இடத்துக்கு, காச நோய்க்கு வருவோம். கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையில் காச நோய் ஆய்வு பல ஆண்டுகளாக நடக்கிறது. 'ரிப்போர்ட் இந்தியா' என்ற பெயரில் 2013-ல் உருவான ஆய்வுக் கூட்டமைப்பில் ஜிப்மரும் ஒன்று. பாஸ்டன், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதி நோயாளிகளையும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களையும் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு நோய் ஒட்டிக்கொள்கிறது, இன்னொருவருக்கு ஒட்டவில்லை. ஏன்? சாப்பாடு குறைவா, குடிப்பழக்கமா, சர்க்கரை நோயா? அந்தக் கட்டுரைகளின் அடியில் பார்த்தால் உயிரித் தொழில்நுட்பத் துறை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அமெரிக்காவின் ஒவ்வாமை மற்றும் தொற்று நோய் நிறுவனம் என்று வரிசையாக வரும். நிதியின் ஒரு பகுதியைப் பகிர்ந்தளித்த சி.ஆர்.டி.எஃப். குளோபல் என்ற இடைநிலை அமைப்பின் பெயரையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் எந்த மதகு வழியாக வந்தது என்றும் சொல்லிவிடுகிற நேர்மை அது. எனக்கு மிகவும் பிடித்தது.

காச நோய் ஆய்வுக்குப் பலர் சேர்ந்து பணம் போடும் இந்தப் பழக்கம் நம் பக்கம் புதிதும் அல்ல. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காச நோய் மருந்துச் சிகிச்சை மையத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. சானடோரியத்தில் படுக்க வைத்துப் பார்ப்பதும் வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுப்பதும் ஒரே பலன் தருமா என்று கேட்டார்கள். தரும் என்று 1959-ல் வெளியிட்டார்கள். நெருக்கடியான குடிசையில், போதாத சாப்பாட்டோடு இருந்தவர்களும் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் காச நோய் வைத்தியத்தின் திசையை மாற்றிய முடிவு அது. கட்டில் வாங்கக் காசில்லாத ஓர் அரசும், ஏழை நாடுகளுக்கு வழி தேடிய ஓர் உலக அமைப்பும் பணம் போட்டதால் கேட்கப்பட்ட கேள்வி.

நிதியைப் பதிந்து வைப்பது வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொடுத்த பழக்கம் என்று யாராவது சொன்னால், பாகூர் செப்பேடுகளைப் பற்றிச் சொல்லுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற உயர்கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக வழங்கப்பட்டதைச் சொல்லும் ஏடுகள் அவை. அரசன் யார், அவனிடம் விண்ணப்பித்து அந்தத் தானத்தை வாங்கிக் கொடுத்த நிலைதாங்கி என்ற பெரியவர் யார், எந்தெந்த ஊர்கள், யாருக்காக, எதற்காக என்று எல்லாம் செம்பில் வெட்டியிருக்கிறது. பாடத்தை இயற்றியவர், உளியைப் பிடித்தவர் பெயர்கள் வரை விடவில்லை. பாகூர் நமக்கு அப்படியொன்றும் தூரமில்லை. படிப்புக்கு வந்த பணத்தை இத்தனை விவரமாக எழுதி வைத்த மண் இது. கோயில் விளக்குக்குத் தந்த ஆடுகளைக்கூட 'சாவா மூவாப் பேராடு' என்று எண்ணிக்கையோடு கல்லில் வெட்டியவர்கள் நம்மவர்கள். கொடுத்தவருக்குப் புகழ் சேர வேண்டும் என்பது ஒரு பாதி. பின்னால் வருகிறவன் கணக்குக் கேட்க வேண்டும் என்பது மறு பாதி.

இனி, என்னை வருத்தும் ஒரு சொல்லுக்கு வருகிறேன். நம் நாட்டு மருத்துவ இதழ்கள் பலவற்றில் 'நிதி உதவி: இல்லை' என்ற வரியைக் காணலாம். கட்டுரைக்குக் கட்டுரை அதே சொல். மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வேடுகளிலிருந்து வரும் கட்டுரைகளில் மிக அதிகம். அதை எழுதும் மாணவர் பொய் சொல்லவில்லை. வெளியிலிருந்து ஒரு ரூபாய் வரவில்லை, உண்மைதான். பல நேரம் பரிசோதனைப் பொருளை அவரே தம் உதவித்தொகையிலிருந்து வாங்கியிருப்பார், கேள்வித்தாள் நகல் எடுத்தது அவர் காசு, ஊர் ஊராகப் போக வண்டிக்குப் பெட்ரோல் போட்டது அவர் காசு. ஆனால் அந்தக் கட்டடம் யாருடையது? ரத்தத்தைச் சோதித்த கருவி யாருடைய வரிப்பணத்தில் வந்தது? வழிகாட்டிய பேராசிரியரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது? மறு பரிசோதனைக்கு வரச் சொன்ன நாளில் கூலி வேலையை விட்டுவிட்டு, வில்லியனூரில் பஸ் மாறி வந்த அம்மாவின் அன்றைய சம்பளத்தை யார் கணக்கில் எழுதுவது?

'இல்லை' என்ற சொல் இவ்வளவையும் அழித்துவிடுகிறது. 'தனி நிதி பெறப்படவில்லை. ஆய்வு இன்ன அரசு மருத்துவமனையின் வசதிகளைக் கொண்டு நடந்தது, மாணவர் இன்ன செலவைத் தாமே ஏற்றார்' என்று எழுத எத்தனை இடம் பிடிக்கும்? இரண்டு வரி. இந்த இதழைப் படிக்கும் மருத்துவ மாணவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். அடுத்த கட்டுரையில் அந்த இரண்டு வரியை எழுதிப் பாருங்கள். உங்கள் தந்தை நகையை அடகு வைத்துக் கட்டிய கட்டணத்தை எழுதச் சொல்லவில்லை. ஆய்வு எதன் மேல் நின்றது என்று சொன்னால் போதும்.

நோயாளிகளின் பெயரை எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் ஊரை நினைக்கலாம். புதுச்சேரி இந்திரா நகரில் இருக்கும் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-ல் தொடங்கியது. யானைக்கால் நோய்க் கிருமியின் குஞ்சுகள் பகலில் உடம்புக்குள் ஆழமாக ஒதுங்கியிருந்து, இரவில்தான் விரல் நுனி ரத்தத்துக்கு வரும். அதனால் ரத்தம் எடுப்பவர்களும் ராத்திரியில்தான் வர வேண்டும். ஊர் அடங்கிய நேரத்தில் டார்ச் விளக்கோடு வந்து கதவைத் தட்டுவார்கள், தூங்கும் பிள்ளையை எழுப்பி விரலில் குத்துவார்கள், பிள்ளை அழும். பெரியவர்களைக் கேளுங்கள், இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். அப்படித் திரட்டிய ரத்தத் துளிகளின் மேல் எழுந்த கட்டுரைகள் உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்த வெப்பமண்டல நோய் ஆய்வுத் திட்டத்துக்கு நன்றி சொல்லும். சில கட்டுரைகள் கிராம மக்களுக்கும் சொல்லும். அந்த இரண்டாவது நன்றியைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஆய்வாளர் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

நிறுவனம் பணம் கொடுத்தாலே ஆய்வு பொய் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு எதிரான ரோட்டாவேக் தடுப்பு மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2014-ல் லான்செட் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் நிதிக் குறிப்பில் உயிரித் தொழில்நுட்பத் துறை, கேட்ஸ் அறக்கட்டளை, நார்வே, பிரிட்டன் அரசு அமைப்புகள் என்று பலரோடு தயாரிப்பாளரான பாரத் பயோடெக்கின் பெயரும் வெளிப்படையாக இருக்கிறது. 2016-லிருந்து நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்து, கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போயிருக்கிறது. ஆனால் தயாரிப்பாளர் பணத்தில் நடக்கும் ஆய்வுகள் தயாரிப்பாளருக்குச் சாதகமான முடிவைச் சொல்வது மற்ற ஆய்வுகளைவிட அதிகம் என்பதை, பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்து காக்ரேன் அமைப்பு 2017-ல் எழுதியது. ஆகவே அந்த வரியைப் பார்த்ததும் கட்டுரையை எறிய வேண்டாம், இன்னொரு முறை கவனமாகப் படிக்க வேண்டும்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சர்க்கரையே சாட்சி. 1965-ல் அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் ஆய்வு அமைப்பு ஒன்று ஹார்வர்ட் பல்கலைக்கழக ஊட்டச்சத்து அறிஞர்களிடம் ஒரு தொகுப்புக் கட்டுரை எழுதச் சொல்லி 6,500 டாலர் கொடுத்தது. 2016-ஆம் ஆண்டு மதிப்பில் சுமார் 50,000 டாலர். 1967-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. இதய நோய்க்குக் கொழுப்புதான் காரணம் என்று அழுத்திச் சொல்லி, சர்க்கரை மீதான சந்தேகத்தை அது ஓரம் கட்டியது. கட்டுரையாளர்கள் தங்களுக்கு வந்த வேறு சில நிதிகளை அதில் குறிப்பிட்டிருந்தார்கள். சர்க்கரைக்காரர்களின் பணத்தை மட்டும் குறிப்பிடவில்லை! நன்றியுரை இருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 49 ஆண்டுகள் கழித்து, 2016-ல், பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்து இதை வெளியே கொண்டு வந்தவர்கள் சான் பிரான்சிஸ்கோவின் அதே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். நியூ இங்கிலாந்து இதழ் கட்டுரையாளர்களிடம் நிதித் தொடர்புகளைக் கேட்டுப் பெறத் தொடங்கியது 1984-ல்தான். 1967-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட காலத்தில் உலகம் எதைச் சாப்பிட்டது, எதைத் தவிர்த்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. கரும்பு விளைகிற, வீட்டுக்கு ஒருவர் சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிற பகுதியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆய்வில் சேரச் சொல்லி உங்களில் யாரிடமாவது ஒப்புதல் படிவம் நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: "இதுக்கு யாரு செலவு பண்றாங்க?" உலக மருத்துவச் சங்கம் 1964-ல் இயற்றி, பலமுறை திருத்திய ஹெல்சிங்கி பிரகடனம் அதை உங்கள் உரிமையாகவே சொல்கிறது. நிதி எங்கிருந்து வருகிறது என்று ஆய்வில் சேர்கிறவருக்கும் சொல்ல வேண்டும், கட்டுரையிலும் எழுத வேண்டும். நம் நாட்டில் 2007 ஜூலையிலிருந்து மருத்துவ ஆய்வுகளுக்கு ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. 2009 ஜூனிலிருந்து புதிய மருந்துப் பரிசோதனைகளை அதில் பதியாமல் தொடங்கக் கூடாது. பணமும் பொருளும் யார் தருகிறார்கள் என்பதற்கு அதில் தனிக் கட்டமே உண்டு. கைப்பேசியில் யாரும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது ஒன்றுதான் குறை. அது பெரிய குறை. ஒதியம்பட்டிலிருந்து ஒருவர் ரத்தம் கொடுக்கும் ஆய்வின் விவரம் அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. படிவத்தைத் தமிழில் தருகிறவர்கள் பதிவேட்டின் இரண்டு பத்திகளையும் தமிழில் தரலாம்.

இந்த இதழிலிருந்து நாங்கள் செய்யப்போவது இது. எந்த மருத்துவ ஆய்வைப் பற்றிச் செய்தி வெளியிட்டாலும், ஆய்வு எங்கே நடந்தது, எத்தனை பேரிடம் நடந்தது, பணம் யாருடையது என்ற மூன்றையும் செய்திக்குள்ளேயே, அதே அளவு எழுத்தில் சொல்வோம். கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் எந்தச் செய்தியும் என் மேசையைத் தாண்டாது. நிதிக் குறிப்பே இல்லாத ஆய்வாக இருந்தால் அதையும் சொல்வோம். இந்த வேலையில் எங்களுக்கு உதவ அந்தச் செவிலியர் மாணவி சம்மதித்திருக்கிறாள். தேர்வு முடிந்ததும் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை வருவாள்.

சென்ற இதழின் சத்துமாவுச் செய்திக்கான திருத்தம் இந்த இதழில் அதே 14-ஆம் பக்கத்தில், அதே இடத்தில், தலைப்போடு வந்திருக்கிறது. முதல் பிரதியை நாளைக் காலை ஆசிரியர் ஐயா வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பதினோரு மணி வரை திண்ணையில்தான் இருப்பாராம்.

அன்புடன்,
ஆசிரியர்